மகேஸ் அக்கா பக்கத்துக் கொப்பு

1

நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டு அப்பிள் மரத்தின் கிளையொன்று நடைபாதைக்கு மேலே நீண்டு நிற்கிறதாம். குப்பை வண்டிக்கும் குடை பிடித்து நடப்பவர்களுக்கும் இடைஞ்சலாம். குளிர்காலம் முடிவதற்குள் வெட்டாவிட்டால் தாங்களே ஆள் அனுப்பி வெட்டிவிட்டு, செலவை என் தலையில் போடுவார்களாம். அடியில் ‘அன்பான வணக்கங்களுடன்’ என்று எழுதியிருந்தது. டென்மார்க்கில் எந்த வெருட்டலும் அன்பான வணக்கங்களுடன்தான் வரும்.

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்துநான்கு வருடமாகிறது. முன்பெல்லாம் இப்படியொரு கடிதம் வந்தால் எனக்குப் பயம் பிடிக்கும். சொல்லை அகராதியில் தேடி, அகராதி சொன்னதை நம்பாமல் நண்பனிடம் கேட்டு, அவன் சொன்னதையும் நம்பாமல் நேரே நகரசபைக் கந்தோருக்குப் போய் நிற்பேன். இப்போது அந்தப் பயமில்லை. அதுவும் மரம் வெட்டும் விடயத்தில் நான் சான்றிதழ் வைத்திருக்கிற ஆள். உள்ளூர்த் தோட்டக்காரர் சங்கம் நடத்திய ஒருநாள் வகுப்புக்குப் போய் வாங்கினேன். சமையலறைச் சுவரில் மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

வகுப்பு எடுத்த முதியவர் மூன்று விடயம் சொன்னார். குளிர்காலத்தில் மரம் தூங்குகிறது, அப்போது வெட்டினால் அதற்கு நோகாது. நுனியில் புதிதாக எழும்பி நிற்கும் குருத்துகள் வெறும் சோம்பேறிகள், தயவு தாட்சணியம் பார்க்கக் கூடாது. மூன்றாவதை அவர் வாயால் சொல்லவில்லை. தன் தொப்பியைக் கழற்றி மரத்துக்குள் வீசினார். அது கிளைகளில் படாமல் மறுபக்கத்தால் போய் விழுந்தது. வெட்டு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

வழக்கமாகக் கடிதம் வந்த அன்றே கைவாளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். இந்த முறை மூன்று நாளாகக் கடிதம் மேசையில் கிடக்கிறது. “ஏனப்பா, பயமோ?” என்று மனைவி கேட்டாள். பயம்தான். போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது நடந்ததை எழுதி இறக்கினால்தான் எனக்கு இனிக் கை வரும் போலிருக்கிறது.

2

நெல்லியடியில் நான் பிறந்த வீட்டில் இப்போது அக்கா மட்டும் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அத்தான் காலமாகிவிட்டார், ஒரே மகள் மெல்பேணில். வந்து தன்னோடு இருக்கும்படி மகளும் கூப்பிட்டாள், நானும் கூப்பிட்டேன். “அங்கை வந்து ஆரோடை கதைக்கிறது?” என்று ஒரே கேள்வியில் இரண்டு கண்டங்களையும் தட்டிக்கழித்துவிட்டார்.

அக்கா கதைக்கிற ஆள் மகேஸ் அக்கா. அடுத்த வளவு. வீட்டில் மெசின் வைத்துச் சட்டை தைக்கிறவர். அக்காவுக்கு ஏழு வயது இளையவர், எனக்கு மூத்தவர். அக்காவை அவர் ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார், ஆனால் அந்த மரியாதை கூப்பிடுவதோடு முடிந்துவிடும். மற்றும்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெளுத்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டு வளவுக்கும் நடுவில் கிளுவை வேலி. கிணற்றடிக்குப் பக்கத்தில் அந்த வேலியில் ஓர் ஆள் பக்கவாட்டாக நுழையக்கூடிய இடைவெளி இருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் பொட்டு என்போம். காலையில் பொட்டுக்குள்ளால் மகேஸ் அக்கா வருவார், பின்னேரம் அக்கா போவார். இங்கிருந்து கறி போகும், அங்கிருந்து புதினம் வரும். சுற்றிவர எல்லோரும் வெளிநாட்டுக் காசில் மதில் எழுப்பிவிட்டார்கள். நானும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். “மதிலிலை பொட்டு வைக்கேலாதடா” என்று அக்கா மறுத்துவிட்டார்.

முந்திய வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டுப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தது, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, ஒன்பது நாள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது எல்லாம் மகேஸ் அக்கா. நான் செய்தது தொலைபேசியில் “கவனம் அக்கா” என்று சொன்னது. அக்கா அந்த வீட்டில் தனியாக இருக்கலாம் என்று நாங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு இருக்கிற ஒரே காரணம் அந்தப் பொட்டுத்தான்.

வேலியோரம் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. அதன் பெரிய கொப்பொன்று வேலிக்கு மேலால் மகேஸ் அக்கா பக்கம் போய் இறங்கியிருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுவதைக் கவனிக்கவும்.

3

நான் போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. குளிர் என்று ஊரில் எல்லோரும் காதைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தார்கள். நான் பெனியனோடு திரிந்தேன். “உனக்குக் குளிரேல்லையோ?” என்று கேட்டவர்களிடமெல்லாம் டென்மார்க்கின் வெப்பநிலையைச் சொன்னேன். இரண்டாம் நாளுக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

கைவாளும் கூடவே வந்திருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்துப் பார்த்தார். ஊரில் வாள் கிடையாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாள் இருக்கிறது, சான்றிதழ்தான் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் அக்காவும் மகேஸ் அக்காவும் காலை பஸ்ஸில் நல்லூருக்குப் புறப்பட்டார்கள். மகேஸ் அக்காவின் தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. “சோறு மூடி வைச்சிருக்கிறன், சாப்பிட்டிட்டுப் படு” என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டிருக்கலாம்.

சாப்பிட்டேன். படுக்கவில்லை. முற்றத்தில் நின்று பார்த்தபோது வேலி தாண்டிய கொப்பு கண்ணில் குத்தியது. நான் வாழும் தெருவில் வேலிக்கு மேலால் ஓர் இலை எட்டிப் பார்ப்பதே பெரிய பிசகு. அடுத்த வீட்டுக்காரரோடு பதினொரு வருடமாக எனக்கிருக்கிற ஒரே உறவு, என் இலை அவர் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்வது. அவருடைய பெயரையே தபாற்பெட்டியில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். பாவம் மகேஸ் அக்கா, தினமும் எங்கள் சருகைக் கூட்டுகிறாரே, வாய் திறந்து ஒரு முறைப்பாடு சொன்னதில்லையே என்று எனக்கு இரக்கம் பொங்கியது. ஏணியைச் சாத்தி, அந்தக் கொப்பை அடியோடு அறுத்து இறக்கினேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பாதிப் பிழையோடு போயிருக்கும். ஆனால் கை சூடேறிவிட்டது. மரத்தின் நுனியெல்லாம் செம்மஞ்சளாகக் குருத்துகள் எழும்பி நின்றன. சோம்பேறிகள். ஒன்றையும் விடவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி வீசினேன். சிக்கியது. இன்னும் இரண்டு கொப்பு வெட்டினேன். திரும்பவும் சிக்கியது. ஐந்தாம் தரம் தொப்பி மரத்துக்குள்ளால் பறந்து மறுபக்கம் போய்க் கிணற்றுக்குள் விழுந்தது. வெட்டு முடிந்தது. வெட்டிய கொப்புகளை டென்மார்க் முறைப்படி நீளவாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டு, பாராட்டுக்காகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

4

பின்னேரம் இரண்டு பேரும் பலகாரப் பொதியோடு கேற்றைத் திறந்து வந்தார்கள். வழியில் ஏதோ பகிடி கதைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். முதலில் நிமிர்ந்து பார்த்தவர் மகேஸ் அக்கா.

“ஐயோ ரீச்சர்! பூவெல்லோ! பூவை எல்லாம் வெட்டிப்போட்டான்!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தையில் விரிய வேண்டிய பூந்துணர்களைத்தான் நான் சோம்பேறிகள் என்று நினைத்திருக்கிறேன். அந்த வருடத்து மாம்பழம் முழுவதும் கட்டுக்கட்டாக முற்றத்தில் கிடந்தது.

“குளிர்காலத்திலைதான் அக்கா மரம் வெட்ட வேணும். அது நித்திரையிலை இருக்கும்” என்றேன்.

“ஆர் நித்திரை? மரமோ நீயோ?” என்றார் அக்கா.

அதுவரைக்கும் அது சாதாரண ஏச்சுத்தான். மகேஸ் அக்கா திடீரென்று திரும்பினார். தன் வளவுப் பக்கம் பார்த்தார். கொப்பு நின்ற இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. ஏணி இன்னும் வேலியில் சாத்தியபடி நின்றது.

“மதில் கட்டப் போறியள் போலை” என்றார் மெதுவாக.

இதை வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வேலி தாண்டிய கொப்பைச் சும்மா வெட்ட மாட்டார். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்தான் வெட்டுவார். இன்றைக்குக் கொப்பு, நாளைக்குக் கயிறு பிடித்து அளவை, நாளன்றைக்குக் கல்லும் சீமெந்தும். வெளிநாட்டுத் தம்பி வந்து நிற்கிறான், இரண்டு தரம் மதில் கதை எடுத்தவன், ஆளில்லாத நேரம் பார்த்துக் கொப்பை இறக்கியிருக்கிறான். மகேஸ் அக்காவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

“கட்டுறதெண்டால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் ரீச்சர்.”

அக்காவின் முகம் இறுகியது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்படி ஒரு சந்தேகம் தன் மேல் வந்ததே என்று அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. மகேஸ் அக்கா பலகாரப் பொதியில் தன் பங்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பொட்டுக்குள்ளால் போகவில்லை. கேற்றால் இறங்கி, தெருவால் சுற்றித் தன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பொட்டில் குறுக்கே வாள்போலப் பல் வைத்த இரண்டு பனங்கருக்கு மட்டை வைத்துக் கம்பியால் கட்டியிருந்தது.

“நான் போய்க் கதைக்க மாட்டன்” என்றார் அக்கா. “அம்பது வருசம் பழகினவள், என்னைப் பாத்து அப்பிடிக் கேக்கிறாளே.” பிறகு என் பக்கம் திரும்பி, “தேத்தண்ணி குடியுங்கோ” என்றார்.

குடியுங்கோ! அக்கா என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை, விருந்தாளி ஆக்கிவிட்டார். தேத்தண்ணி சோசரோடு வந்தது. கட்டிலுக்குப் புதுப் படுக்கை விரிப்பு வந்தது. “குளிக்கச் சுடுதண்ணி வைக்கட்டோ?”, “கறி உறைப்போ உங்களுக்கு?” என்று விசாரிப்பு வேறு. நான் தட்டைக் கழுவப் போனால் “விடுங்கோ, உங்களுக்கேன் கஷ்டம்” என்று வாங்கி வைத்தார். பிறந்த வீட்டில் மூன்று நாள் தங்குவிடுதி விருந்தாளிபோல இருந்தேன். ஒரு ‘டேய்’க்காக ஏங்கினேன்.

5

மகளிடம் வாட்சப்பில் சொன்னேன். அவளுக்கு இருபத்தாறு வயது. தமிழ் நன்றாக விளங்கும், ஆனால் பேசும்போது தமிழ்ச் சொற்கள் டெனிஷ் வரிசையில் வந்து நிற்கும். ஊருக்கு வரச் சொன்னால் ‘அடுத்த முறை’ என்பாள். அப்படிச் சொல்லத் தொடங்கி ஏழு வருடமாகிறது.

“அப்பா, மாமியைக் கேட்டீங்களா, வெட்ட முதல்?”

“எங்கடை மரம் தானே பிள்ளை.”

“மரம் யாருடையது, பேப்பரில்?”

நான் கொஞ்சம் யோசித்தேன். வீடும் வளவும் அக்காவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அந்த உறுதிப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். முப்பத்துநான்கு வருடமாக ‘எங்கடை வளவு’ என்று டென்மார்க்கில் பெருமை பேசியிருக்கிறேன். அந்த வளவில் ஒரு சுள்ளி எனக்குச் சொந்தமில்லை.

“இங்கே நீங்கள் ஒரு சின்னக் கொட்டில் போட நாலு பேரிடம் கடிதம் வாங்கினீங்கள்” என்றாள் மகள். “அங்கே ஒருவரையும் கேட்கவில்லை. ஏன்?”

சொந்த வீடு என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு நான் சொன்னது சரியான பதில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதை என் வாயாலேயே கேட்டபோதுதான் எனக்கு வெட்கமும் வந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பயணம். வியாழக்கிழமை வரைக்கும் பொட்டு அடைத்தபடி. அக்கா குளியலறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. நான் விமானம் ஏறிய பிறகு அக்கா விழுந்தால் யார் ஓடி வருவது? இரண்டு கிழவிகள் வீம்பில் முகம் திருப்பிக்கொண்டு இருப்பார்கள், நடுவில் என் சான்றிதழ் நிற்கும்.

மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்தேன். டென்மார்க்கில் கேட்பதுபோலக் கேட்டேன். அதுதான் பிழை. சேட்டுப் போட்டு, பிஸ்கட் ரின்னோடு, தெருவால் சுற்றி மகேஸ் அக்கா வீட்டுக் கேற்றைத் தட்டினேன். பொட்டுக்குள்ளால் வந்து வளர்ந்தவன் கேற்றால் வந்து நிற்பதைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கதிரையைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் சோடா எடுப்பித்து, கிளாசில் ஊற்றி நீட்டினார். எங்களூரில் சோடா வந்தால் நீங்கள் அந்நியர்.

“மகேஸக்கா, நாங்கள் மதில் கட்டேல்லை. சத்தியமாக் கட்டேல்லை.”

“உங்கடை காணி தம்பி. நீங்கள் மதில் கட்டலாம், மாடி கட்டலாம். நான் ஆர் கேக்கிறதுக்கு?”

“இல்லை அக்கா, கட்டவே மாட்டம்.” அவர் நம்பவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. முப்பத்துநான்கு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. “வேணுமெண்டால் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன்.”

அவர் சோடாப் போத்தலை மேசையில் வைத்துவிட்டார். “எழுத்தோ? எழுத்து வரைக்கும் போட்டுதோ? ரீச்சர் அப்புக்காத்தட்டைப் போட்டாவோ?” என்று கண் கலங்கினார். அப்புக்காத்து என்றால் வழக்கறிஞர், வேலி விடயத்தில் எங்கள் ஊரில் எழுத்து என்றால் வழக்கு. பருத்தித்துறைக் கோட்டுக்குப் போய் முடியாத வேலி வழக்குகளின் கதையைக் கேட்டு வளர்ந்த நான் அதை மறந்துபோனேன்.

பிஸ்கட் ரின்னோடு திரும்பி வந்தேன். பின்னேரம் பார்த்தால் பொட்டில் மூன்றாவது மட்டையும் ஏறியிருந்தது.

“அங்கை போய் என்ன சொன்னனீங்கள்?” என்று அக்கா கேட்டார். சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். பிறகு, “இரவைக்கு இடியப்பமோ புட்டோ உங்களுக்கு?” என்றார்.

7

வெள்ளிக்கிழமை. மனிதர்களிடம் செய்த பிழையைத் திருத்த முடியவில்லை, மரத்துக்காவது செய்வோம் என்று நினைத்தேன். வெட்டுவாய்க்குச் சாணி அப்பினால் காய்ந்து பட்டுப்போகாது என்று ஊரில் சொல்வார்கள். நாலு வீடு தள்ளி மாடு வளர்ப்பவரிடம் ஒரு வாளி சாணி வாங்கினேன். டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த தோட்டக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினேன். அது பழைய மர ஏணி. தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். கொப்பு வெட்டிய அன்று நான் தனியே நிறுத்தியதை இன்றும் வீரமாகத்தான் நினைக்கிறேன்.

கூரை உயரத்தில் கவட்டில் கால் வைத்து, ஏணியை விட்டு மாறினேன். ஏணி வழுக்கி நிலத்தில் விழுந்தது. நான் மரத்தைக் கட்டிப்பிடித்தேன். வாளி என் கையிலிருந்து போய் வேலிக்கு அப்பால், மகேஸ் அக்காவின் முற்றத்தில் கவிழ்ந்தது.

சத்தம் கேட்டு அக்கா குசினியிலிருந்து வந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“பயப்பிடாதேங்கோ. நான் ஏணியை நிமித்துறன்” என்றார். அந்த நேரத்திலும் மரியாதை விடவில்லை.

ஏணியின் ஒரு நுனியைத் தூக்கினார். முழங்கால் உயரத்துக்கு வந்தது. கீழே வைத்தார். இன்னொரு தரம் தூக்கினார். வேலிக்கு அப்பால் மகேஸ் அக்கா சாணிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்த எனக்கு இரண்டு வளவும் தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது என் காலுக்குக் கீழே கொப்பு மெல்ல முறியும் சத்தம் கேட்டது.

“டேய், அசையாதை!” என்று கத்தினார் அக்கா. “அசையாதையடா விசரா! மகேஸ்! மகேஸ்! ஓடி வாடி!”

மகேஸ் அக்கா கம்பியை அவிழ்க்கவில்லை. மூன்று கருக்கு மட்டையையும் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு பொட்டுக்குள்ளால் வந்தார். கையில் கருக்குக் கீறி இரத்தம் வந்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஏணியை நிமிர்த்தி, மரத்தில் சாத்தி, ஆளுக்கொரு ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒரு காலை ஏணியில் வைத்து, மற்றக் காலைத் தூக்கப் போனேன்.

“மதிலோ எண்டு என்னைக் கேட்டாய் நீ” என்றார் அக்கா கீழே. எனக்கில்லை.

“இல்லை எண்டு நீங்கள் சொன்னனீங்களோ?”

“சொல்ல வர, பொட்டை அடைச்சுப்போட்டாய்.”

“அடைச்சால் என்ன? கூப்பிட வாயில்லையோ உங்களுக்கு?”

“இப்ப கூப்பிட்டனான் தானே.”

மகேஸ் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பி, கீறலைப் பார்த்துவிட்டு, “மஞ்சள் வைக்க வேணும்” என்றார்.

“எல்லாம் உந்தப் பேயனாலை” என்றார் மகேஸ் அக்கா.

இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு தொடங்கியது. குருத்துக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாத மொக்கன் என்றார் ஒருவர். சின்ன வயதிலும் இப்படித்தான், வாழைக்குலை வெட்டச் சொன்னால் வாழையை வெட்டுவான் என்றார் மற்றவர். கேற்றால் வந்தானாம், பிஸ்கட் கொண்டு வந்தானாம், எழுதித் தாறன் என்றானாம். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்தார். மூன்று நாளாகக் கிடைக்காத ‘டேய்’ எல்லாம் மொத்தமாகக் கிடைத்தது.

ஏச்சு முடிந்து பேச்சு நல்லூருக்குப் போனது. பிள்ளைக்கு என்ன பேர் வைத்தார்கள், சம்பந்தி ஏன் முகத்தை அப்படி வைத்திருந்தா, பலகாரத்துக்கு உப்புக் கூடிவிட்டது என்று மூன்று நாள் புதினமும் ஏணியடியில் இறங்கியது. இரண்டு பேரும் ஏணியை ஆளுக்கொரு கையால் பிடித்திருந்தார்கள், அக்கா ஒரு படியில் சாய்ந்துகொண்டார்.

எனக்குக் கால் விறைக்கத் தொடங்கியது.

“அக்கா, நான் இறங்கட்டோ?”

“உங்கை இரு!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இருந்தேன்.